கூலிக் கணக்கிலிருந்து ஒரு மனுஷி: வரலாற்று நாவல் எழுதும் தொழில் பற்றி



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு வரலாற்று நாவலைப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது தோழர்கள் சிலர் நேராகவே கேட்டார்கள்: உப்பளக் கூலி இருக்கிறது, மழைக்கால வேலையின்மை இருக்கிறது, பஞ்சமி நிலம் இருக்கிறது; இவ்வளவையும் விட்டுவிட்டு நாவலைப் பற்றிப் பேசுவானேன்? நியாயமான கேள்விதான். என் பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று என்று ஒன்று இல்லாதவர்கள் நாளையைக் கேட்டால் இந்தச் சமூகம் காது கொடுப்பதில்லை. நிலம் கேட்டால் ஆவணம் எங்கே என்கிறார்கள். மரியாதை கேட்டால் பாரம்பரியம் எங்கே என்கிறார்கள். அந்த நேற்றைப் பொதுமக்கள் மனத்தில் உண்டாக்குவதில் பாடப்புத்தகத்தைவிட அதிக வேலை செய்திருப்பது நாவலும் சினிமாவும்தான். ஆகவே வரலாற்று நாவல் யாருடைய கையில் இருக்கிறது, அது எப்படிச் செய்யப்படுகிறது என்பது நமக்குக் கூலிப் பிரச்சினைக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல.

சிவகாசிக்கு வந்த கௌபாய்

கொஞ்சம் தூரத்திலிருந்து தொடங்குகிறேன். நம்மில் நாற்பது வயதைத் தாண்டிய பலர் சின்ன வயதில் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்தவர்கள். முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கின. அதில் வந்த டெக்ஸ் வில்லரைத் தெரியாதவர்கள் குறைவு. தொப்பி, துப்பாக்கி, குதிரை, பாலைவனம். அதே காலத்தில் ஜெய்சங்கர் குதிரையில் வந்த 'கங்கா' போன்ற படங்களையும் டூரிங் டாக்கீஸில் பார்த்தோம். அமெரிக்க மேற்கு என்பது இப்படித்தான் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. இத்தனைக்கும் டெக்ஸ் வில்லர் 1948-இல் இத்தாலியில் உருவாக்கப்பட்ட பாத்திரம். இத்தாலியர் கற்பனை செய்த அமெரிக்கா, சிவகாசியில் அச்சாகி, மரக்காணம் பேருந்து நிலையத்துக் கடையில் தொங்கியது.

அந்த மேற்கின் உண்மைக் கதை என்ன? அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. டெக்சாஸில் மேய்ந்த மாடுகளைக் கூட்டம் கூட்டமாக வடக்கே ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் வேலை அதன்பின் பெருகியது. முள்கம்பி வேலியும் ரயில் பாதையும் பரவியதும் அந்த வேலை சுருங்கிப் போனது. மொத்தத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு நடந்த ஒரு கூலி வேலை அது. மாடு மேய்ப்பவன் மாதக் கூலிக்காரன். ஆனால் 1902-இல் ஓவன் விஸ்டர் எழுதிய 'தி வர்ஜீனியன்' நாவலும், பிறகு ஜேன் கிரே போன்றவர்களும் அந்தக் கூலிக்காரனை வீரனாக்கினார்கள். இருபது ஆண்டு வேலை நூறு ஆண்டுக்கு மேல் நீளும் புராணமாகிவிட்டது.

அப்படி ஆக்கும்போது சிலரைக் குதிரையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த மாடு மேய்ப்பவர்களில் நான்கில் ஒருவர் வரை கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலருடைய மதிப்பீடு. அடிமையாகப் பிறந்து கௌபாயாக வேலை செய்த நாட் லவ் 1907-இல் தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டார். அடிமையாகப் பிறந்த பாஸ் ரீவ்ஸ் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் துணை மார்ஷலாக இருந்து குற்றவாளிகளைப் பிடித்தார். இவர்கள் இருந்தார்கள், ஆவணத்திலும் இருந்தார்கள். நாவலிலும் திரையிலும்தான் இல்லாமல் போனார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளோ சுடப்படுவதற்காக மட்டும் கதைக்குள் வந்தார்கள். ஒரு மக்களை மறக்கடிக்க ஆவணத்தை எரிக்கவே வேண்டியதில்லை. அவர்கள் இல்லாத நல்ல கதை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும்.

அதே சமயம், அந்த வகை எழுத்தின் தொழில் ஒழுக்கத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. மேற்கத்திய நாவல்களில் மிக அதிகம் விற்றவர்களில் ஒருவர் லூயி லமூர். 1908-இல் பிறந்து 1988-இல் இறந்தவர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, சுரங்கத்திலும் கப்பலிலும் மரம் வெட்டும் இடங்களிலும் வேலை செய்து, காசுக்குக் குத்துச்சண்டையும் போட்டவர். தன் கதையில் ஒரு சுனை வந்தால் அந்தச் சுனை அந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கும், அதன் தண்ணீரும் குடிக்க உகந்ததாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டவர் அவர். அவருடைய கதைகளின் அரசியல் நமக்கு ஒத்து வராது. ஆனால் சுனை விஷயத்தில் அவரிடம் நாம் பாடம் கற்கலாம்.

அரண்மனை நாவலும் சேரியும்

இனி தமிழுக்கு வருவோம். தமிழின் முதல் வரலாற்று நாவலாகச் சொல்லப்படுவது 1895-இல் வந்த 'மோகனாங்கி'. எழுதியவர் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை. அது நாயக்கர் காலத்துக் கதை. பின்னால் கல்கி வந்தார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்'. அதன்பின் சாண்டில்யன். நம் வீடுகளிலும் இவற்றைப் படித்தோம். வாடகை நூலகத்தில் பாகம் பாகமாக வாங்கி, பக்கம் கிழிந்ததைக்கூடப் பொருட்படுத்தாமல் படித்தோம். அந்தச் சுவையை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் கோட்டை இருக்கும், கோட்டைக்குக் கல் சுமந்தவர் இருக்கமாட்டார். யானை இருக்கும், யானை செத்தால் இழுத்துப் போடுபவர் இருக்கமாட்டார். கடற்போர் இருக்கும், வீரர்களின் சோற்றில் விழுந்த உப்பை யார் வாரினார்கள் என்ற கேள்வி இருக்காது.

வரலாற்று நாவல் என்றாலே ராஜா கதை என்று ஆனது கட்டாயமல்ல. இந்த வடிவத்தை ஐரோப்பாவில் நிலைநிறுத்திய வால்டர் ஸ்காட் 1814-இல் வெளியிட்ட 'வேவர்லி' நாவலின் துணைத் தலைப்பே 'அறுபது ஆண்டுகளுக்கு முன்' என்பதுதான். ஸ்காட்டின் நாவல்களில் மையப் பாத்திரம் அரசனல்ல, இரண்டு பக்கமும் இழுபடும் ஒரு சாதாரண ஆள் என்பதை மார்க்சிய விமர்சகர் ஜார்ஜ் லூகாச் 'வரலாற்று நாவல்' என்ற தன் நூலில் விரிவாக விளக்கினார். பெரிய மனிதர்கள் ஓரமாக வந்து போவார்கள். காலம் மாறுவதைச் சாதாரண ஆளின் உடம்பிலும் வீட்டிலும் காட்டுவதுதான் இந்த வடிவத்தின் பலம் என்பது அவர் வாதம். சமூகவியல் முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: வடிவம் நமக்கு எதிரானதல்ல. அதை நம் பக்கத்திலிருந்து போதிய அளவு பயன்படுத்தாமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

அறுபது ஆண்டு என்ற கணக்கையும் கவனியுங்கள். அது ஒரு பாட்டியின் நினைவு எட்டும் தூரம். அதற்கு அப்பால் போனால் ஆவணம் வேண்டும். அதற்குள் என்றால் பாட்டியிடம் போய் உட்கார்ந்தால் போதும். பாட்டி இருக்கும்வரைதான் அதுவும்.

நம் பக்கத்தில் எழுதப்பட்டவை

நம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஈழத்தில் கே. டானியல் 1972-இல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையையும் அதற்கெதிரான போராட்டத்தையும் தொடர்ந்து நாவல் வரிசையாகவே எழுதி, 1986-இல் தஞ்சாவூரில் மறைந்தார். கோயில் நுழைவும் தேநீர்க்கடையும் கிணறும் அவரிடம் போர்க்களங்கள். அரசியல் வரலாற்றில் ஒரு வரியாக முடிந்திருக்கக்கூடியவற்றை, தண்ணீர் அள்ளப் போகும் ஒருத்தியின் ஒரு நாளாக அவர் விரித்தார்.

டி. செல்வராஜ் 2010-இல் 'தோல்' எழுதினார். 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் கதை. அவர் திண்டுக்கல்லில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர், இயக்கத்தில் இருந்தவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றால் காலும் கையும் என்ன ஆகும், முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எப்படித் தலைமுறைக் கடனாகிறது, சங்கம் கட்டுவது என்றால் முதல் கூட்டத்துக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்பதெல்லாம் தெரிந்த கையால் எழுதப்பட்டது.

பூமணியின் 'அஞ்ஞாடி' 2012-இல் வந்தது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல், 2014-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1895-இல் கழுகுமலையில் நடந்த கலவரமும் 1899-இல் சிவகாசியில் நடந்த கொள்ளையும் அதன் வரலாற்று மையம். ஆனால் கதை தொடங்குவது ஒரு குடும்பனுக்கும் ஒரு வண்ணானுக்கும் உள்ள சின்ன வயது நட்பில். பூமணி தன்னைத் தலித் எழுத்தாளர் என்று வகைப்படுத்துவதை ஏற்காதவர். அந்த மறுப்பை மதித்துக்கொண்டே இந்த நாவலை நம் பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். கலவரத்தைப் பற்றிய போலீஸ் பதிவும் நீதிமன்றப் பதிவும் நமக்குக் கலவரத்தை மட்டுமே காட்டும். கலவரத்துக்கு முன்னால் அந்த ஊரில் யார் யாரோடு சேர்ந்து பனங்காட்டில் திரிந்தார்கள் என்பதைக் காட்டாது. அதை நாவல்தான் காட்ட வேண்டும்; காட்டியது. சிவகாசியில் அச்சான அமெரிக்க மேற்கை நாம் பள்ளிக்கூட வயதிலேயே படித்துவிட்டோம். சிவகாசியின் சொந்த 1899-ஐ இப்படி ஒரு நாவலாகப் படிக்க 2012 வரை காத்திருந்தோம்.

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' 2013-இல் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம், சென்னை ஐஸ் ஹவுஸில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பனிக்கட்டி, அதைச் சுமந்த ஒடுக்கப்பட்ட மக்களின் வேலைநிறுத்தம் என்று நகரும் நாவல். பஞ்சத்தில் மக்கள் செத்து விழும்போது துரைமார் குடிக்கும் பானத்துக்குப் பனிக்கட்டி வருகிறது என்ற முரண் படிப்பவரை விடாது. ஆனால் நாவலைப் பார்க்கும் கண் ஏய்டன் என்ற ஐரிஷ் அதிகாரியின் கண். அவன் பார்க்கிறான், பதறுகிறான், குற்ற உணர்வு கொள்கிறான். நம்மவர்கள் பார்க்கப்படுகிறார்கள். யார் எழுதினார் என்பதை வைத்து ஒரு நாவலை ஒதுக்கும் ஆள் நான் அல்ல. யாருடைய கண்ணில் கதை நிற்கிறது என்று கேட்பது மட்டும் வாசகரின் கடமை. கண் மாறினால் நாவலின் எடை முழுவதும் மாறிவிடும்.

நம் கரையின் ஆவணங்கள்

இப்போது இந்த மண்ணுக்கு வருகிறேன். நாம் கூடியிருக்கும் கூனிமேடு, வரலாற்றில் பெயர் இல்லாத ஊர் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவுகளில் 'கோனிமியர்' என்று வருவது இந்த ஊர்தான். 1682 முதல் 1698 வரை இங்கே ஆங்கிலேயருக்கு ஒரு வணிகக் கிடங்கு இருந்தது. இடையில் 1690-இல் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். அங்கே கால் ஊன்றியதும் கூனிமேட்டைக் கைவிட்டார்கள். ஊரில் பலருக்கே தெரியாத செய்தி இது.

இதை வைத்து ஒருவர் நாளைக்கே நாவல் எழுதலாம். வழக்கமான கை எழுதினால் என்ன வரும் என்றும் நமக்குத் தெரியும்: ஒரு வெள்ளைக்காரத் துரை, ஒரு செஞ்சி இளவரசி, ஒரு ரகசியக் கடிதம். கம்பெனி இந்தக் கரைக்கு வந்தது துணிக்காக. துணி என்றால் நூற்றவர், நெய்தவர், வெளுத்தவர், சாயம் ஏற்றியவர், மூட்டை கட்டியவர், தலையில் சுமந்தவர். கயிற்றால் தைத்த மசூலா படகில் அலை தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். கம்பெனிக் கணக்கில் துணியின் வகையும் விலையும் இருக்கும். சுமந்தவர் பெயர் தேடினால் கிடைப்பது அரிது. அவர் செலவுப் பத்தியில் கூலியாக மட்டும் நிற்பார். நம் நாவலாசிரியருக்குத் தொடக்கப் புள்ளி அந்தச் செலவுப் பத்திதான்.

உப்புக்கும் இதே கதைதான். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலர் கருத்து. அந்த நூலில் உப்பு வண்டியோடு போகும் உமணர் வருகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் வருகிறார்கள், பிள்ளைகளோடு விளையாடும் குரங்குகூட வருகிறது. உமணர் உப்பு விற்றவர்கள். உப்பு வாரியவர் யார்? மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. அளத்தில் இறங்கியவர் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

நெருங்கி வருவோம். 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனி தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது. பிறகு 1889-இல் சென்னை உப்புச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் உப்புக் காய்ச்சுவது மட்டுமல்ல, கழியோரத்தில் தானாகப் பூத்துக் கிடக்கும் உப்பைச் சுரண்டி எடுப்பதும் குற்றம். கண்காணிக்க உப்பு இலாகாவின் சேவகர்கள். 1930-இல் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளியவர்கள் தியாகிகள். அது சரிதான், அந்தத் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதற்கு நாற்பது ஆண்டு முன்னால் கூழுக்குப் போட இல்லாமல் கழியில் ஒரு பிடி உப்பு அள்ளியவள் யார்? சட்டத்தின் கணக்கில் அவள் திருடி. செய்த காரியம் ஒன்றுதான். ஒருவருக்குப் பட்டயம் கிடைத்தது, இன்னொருவருக்கு அபராதம். இந்த இடைவெளியில் ஒரு நாவல் கிடக்கிறது தோழர்களே, இன்னும் எழுதப்படாமல்.

ஒரு வரியை ஆளாக்குவது எப்படி?

தொழில் பற்றிச் சொல்கிறேன் என்று தொடங்கினேன். அந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அப்படி ஒரு வழக்குக் குறிப்பு நம் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன இருக்கும்? ஒரு பெயர், அதுவும் எழுத்தரின் காதில் விழுந்த மாதிரி. சாதி. பிடிபட்ட இடம். உப்பின் எடை. அபராதம், கட்டத் தவறினால் சிறை. ஒரு வரி, அவ்வளவுதான்.

முதல் வேலை, அந்த வரியை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேட்பது. இலாகா எழுதியது வருமானத்துக்காக. ஆகவே அந்த வரி அவளைப் பற்றிச் சொல்வதைவிட இலாகாவைப் பற்றியே அதிகம் சொல்லும். சாதி என்ற கட்டத்தில் எழுதப்பட்ட சொல் அவள் தன்னைச் சொல்லிக்கொண்ட சொல்லா, அவர்கள் அவளைக் கூப்பிட்ட சொல்லா? இந்தச் சந்தேகமே ஒரு காட்சியாகும்: எழுத்தர் கேட்கிறார், அவள் சொல்கிறாள், அவர் வேறொன்றை எழுதுகிறார்.

இரண்டாவது வேலை, சுனை. இந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்த பிறகுதான் பாத்தியில் வேலை சூடு பிடிக்கும். கோடை வெயிலில் உப்பு நன்றாக விளையும். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் கரையும். ஐப்பசியில் உப்பு வாருவதாக ஒரு காட்சி எழுதினால், நம் ஊர்க்காரர் ஒருவர்கூட அந்த நாவலை நம்பமாட்டார். பாத்தி மிதிப்பது எப்படி, வரப்பில் பாரத்தோடு நடக்கும்போது பாதம் எந்தப் பக்கம் சாயும், உப்பு நீர் பட்ட வெடிப்பில் இரவில் என்ன தடவுவார்கள், வெள்ளை வெயில் கண்ணை என்ன செய்யும் என்பதெல்லாம் காப்பகத்தில் கிடைக்காது. எழுபது வயது உப்பளத் தாயாரிடம் கிடைக்கும். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்குத் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்த் தொழிலாளர்களோடு பழகித்தான் எழுதினார். வெளியிலிருந்து வந்தவர் அவ்வளவு செய்திருக்க, உள்ளே பிறந்தவர்கள் கேட்காமல் இருப்பது சரியா?

மூன்றாவது, தெரியாததை என்ன செய்வது? இங்கே இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' 1976-இல் வந்தது. தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று நம் கைகளில் புழங்கியது. அடிமையாகக் கப்பலேற்றப்பட்ட மூதாதை வரைக்கும் வேர் தேடிய நூல். நம் தலைமுறையை உலுக்கிய நூல். ஆனால் அதை வரலாறு போலவே முன்வைத்ததால், வம்சாவளி ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பார்த்துக் கேள்வி எழுப்பியபோது அடி பலமாக விழுந்தது. வேறொரு நாவலிலிருந்து சில பகுதிகள் எடுக்கப்பட்டதாக வழக்கும் வந்து, 1978-இல் பணம் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். டோனி மாரிசன் வேறு வழியில் போனார். 1856-இல் தப்பி ஓடிப் பிடிபட்டபோது தன் குழந்தை அடிமையாக வேண்டாம் என்று கொன்ற மார்கரெட் கார்னர் பற்றிய பத்திரிகைச் செய்தியை வைத்துக்கொண்டு, 1987-இல் 'பிலவ்ட்' எழுதினார். பெயரை மாற்றினார். இது நாவல் என்பதை மறைக்கவே இல்லை. அந்தத் தாயின் மனத்துக்குள் போவதுதான் என் வேலை என்று நின்றார். அதை யாரும் பொய் என்று சொல்ல முடியவில்லை. நமக்கு மாரிசன் வழிதான் பாதுகாப்பு. இல்லாத ஆவணத்தை இருப்பதாகக் காட்டினால் எதிரிக்கு ஒரு கல்லை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். நம் உண்மை ஆவணங்களையும் சேர்த்து அவர்கள் பொய் என்பார்கள்.

நான்காவது, ராஜாவை மாற்றிப் போடாமல் இருப்பது. இதை நம் அவையில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். ஆண்ட பரம்பரை என்ற பேச்சு இப்போது எல்லாத் தெருவிலும் பேனராக நிற்கிறது. நம் இளைஞர்களுக்கும் அந்த ஆசை வருகிறது. இழிவைச் சுமந்தவனுக்கு அந்த ஆசை வருவது எனக்குப் புரிகிறது. அயோத்திதாசப் பண்டிதரும் நமக்கு ஒரு பெருமையான கடந்த காலத்தைக் காட்டினார் என்று வாதிடுவார்கள். உண்மை. ஆனால் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவர் தேடிக் காட்டியது பௌத்த அறத்தை. அதிகாரத்தில் இருந்தோம் என்பதைவிட, சாதி இல்லாத வாழ்க்கை இருந்தது என்பதுதான் அதன் சாரம். நாம் ஒரு அரண்மனையைக் கற்பனை செய்து அதில் நம் ஆளை உட்கார வைத்தால், அந்த அரண்மனைக்கு யார் உப்புச் சுமப்பார்? கதையில் அதற்கும் ஒரு சேரி வேண்டியிருக்கும். அதை யார் தலையில் கட்டுவது?

எழுதுபவரின் வாழ்க்கை

இவ்வளவுக்கும் காலம் வேண்டும், காசு வேண்டும். பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர். 'அஞ்ஞாடி'க்கான ஆய்வுக்குப் பெங்களூரில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளையின் நல்கை கிடைத்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டுமென்றால் சென்னையில் தங்க இடம் வேண்டும், இழக்கும் நாள் கூலிக்கு ஈடு வேண்டும். உப்பளத்துப் பிள்ளை ஒருத்தி படித்துவிட்டு வந்து இந்த நாவலை எழுத முன்வந்தால் அவளுக்கு ஓராண்டுச் சோறு யார் போடுவது? நம் மன்றம் போட வேண்டும். சொற்பொழிவு நடத்துவதைவிட அது முக்கியமான வேலை.

இன்னொரு செலவும் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' கடந்த காலத்தில் நடக்கும் கதை. அது வெளிவந்து நான்கு ஆண்டு கழித்து, 2014 இறுதியில் சாதிப் பெருமைக்கு இழுக்கு என்று கிளம்பிய எதிர்ப்பு அவரை எழுதுவதையே விட்டுவிடுவதாக அறிவிக்க வைத்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தது. செல்வாக்கான சமூகத்தில் பிறந்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், சேரியிலிருந்து எழுதுபவர் தனியாக நிற்கக் கூடாது. வழக்கறிஞர், பதிப்பாளர், வாசகர் என்று ஒரு வளையம் அவரைச் சுற்றி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

நம் காலத்துக்கான வேலை

கடைசியாக ஒன்று. வரலாறு என்றால் எப்போதும் பழசு என்று நினைக்கிறோம். 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்துச் சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கூட்டம் போன நாளில், மரக்காணத்தில் மூண்ட வன்முறையில் நம் மக்களின் வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இருவர் அன்று உயிரிழந்தார்கள். அன்று தொட்டிலில் இருந்த குழந்தைகள் இப்போது பள்ளி மேல்வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது ஏற்கெனவே வரலாறு. முதல் தகவல் அறிக்கை இருக்கிறது, நாளிதழ் இருக்கிறது, கட்சிகளின் அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் அது 'மோதல்' என்ற ஒரு சொல். எரிந்த வீட்டில் என்னென்ன இருந்தன என்ற பட்டியல் எங்கே? யார் யாரை எழுப்பி ஓடச் சொன்னார்கள், எந்த வீட்டில் ஒளிந்தார்கள், வேறு சாதிக்காரர் யாராவது கதவைத் திறந்தாரா, மறுவாரம் அதே அளத்தில் அதே ஆட்களோடு பக்கத்துப் பக்கத்தில் நின்று எப்படி உப்பு வாரினார்கள்? செத்துப்போன அந்த இளைஞர்களின் தாய்மார் எங்கே இருக்கிறார்கள்? பின்னாளில் இதை நாவலாக எழுதப்போகிறவர் நம்மிடம்தான் கேட்பார். இரண்டு பக்கத்துத் துயரையும் தெரிந்துகொண்டு, யார் மீது அநீதி இழைக்கப்பட்டது என்பதிலும் தடுமாறாமல் இருப்பவர்தான் அதை எழுத முடியும்.

ஆகவே ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். இந்த ஆண்டு ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவர் ஒருவரோடு உட்காருங்கள். அவர் எந்த வயதில் அளத்தில் இறங்கினார், முதல் கூலி எவ்வளவு, ஆணுக்கு எவ்வளவு பெண்ணுக்கு எவ்வளவு, எதில் அளந்தார்கள், கங்காணி எப்படிக் கூப்பிட்டார், பிள்ளையை எங்கே படுக்க வைத்தார், 2004 சுனாமி அன்று எங்கே இருந்தார் என்று கேளுங்கள். அவர் பேச்சில் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள்; திருத்த வேண்டாம். பழைய பட்டா, நில ஒப்படை உத்தரவு, வழக்குத் தாள், புகைப்படம் எது இருந்தாலும் பிரதி எடுத்து மன்றத்தில் சேருங்கள். தேதியும் ஊரும் மறக்காமல் எழுதுங்கள். சொன்னவர் தன் பெயர் வேண்டாம் என்றால் பெயரை விடுங்கள், கதையை விடாதீர்கள்.

நாவலை நம்மில் ஒருவர்தான் எழுதுவார். ஆனால் அவர் கையில் கொடுக்க வேண்டிய கட்டை நாம் எல்லோரும் சேர்ந்துதான் கட்ட வேண்டும். கூலிக் கணக்கில் ஒரு வரியாக நிற்கும் அந்த மனுஷி, கழியோரத்தில் ஒரு பிடி உப்போடு பிடிபட்ட நம் பாட்டியின் பாட்டி, தன் பெயரைச் சரியாக எழுதும் ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

 ஜெய்பீம்.